எழுதியவன் வந்து படிக்கட்டும்

நீ கூரியரில் அனுப்பிய நாவல் வந்து சேர்ந்தது. ஒன்பது நாளில் படித்தும் முடித்துவிட்டேன். அம்மா நன்றி சொல்வாள் என்று காத்திருந்தால் அந்த நினைப்பை மூட்டை கட்டி வைத்துவிடு. உன் நைனா போய் வருஷம் திரும்பப் போகிறது. கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தில், அவ்வளவு பெரிய வீட்டில், அம்மா ஒண்டியாகக் கிடக்கிறாளே, அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று பெங்களூரில் உட்கார்ந்து யோசித்திருக்கிறாய். யோசித்த யோசனைக்கு இந்தப் புத்தகம் அகப்பட்டிருக்கிறது. போனிலும் சொன்னாய்: "ஒண்டிப் பொம்பளை ஒருத்தி எப்பிடி ஹீல் ஆவுறான்னு கதைம்மா. படிச்சிட்டு வீட்டப் பூட்டிக்கினு இங்க வந்துடு." என்னவோ எனக்குக் காலில் புண் வந்தது போலவும், நீ களிம்பு வாங்கி அனுப்பியது போலவும் பேசினாய். அன்றைக்குச் சரி என்று போனை வைத்துவிட்டேன். இன்றைக்கு வைக்க மாட்டேன்.

உனக்குத் தமிழில் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. அது உன் குற்றம் இல்லை, என் குற்றம். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்போது தமிழ்ப் பிரிவு இருந்தது. இந்த ஆந்திர ஜில்லாவில் தமிழ் படித்தால் எவன் வேலை கொடுப்பான் என்று நான்தான் உன்னைத் தெலுங்கில் போட்டேன், பிறகு சித்தூரில் இங்கிலீஷில் போட்டேன். வீட்டில் நாள் முழுக்கத் தமிழ் பேசினாய், அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். ஆகவே இந்தப் புத்தகம் என்ன சொல்கிறது என்பதை உனக்கு யாரோ படித்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். யாரோ என்ன, உன் பெண்டாட்டிதான். வேலூர்ப் பெண், தமிழ் தண்ணீர் மாதிரி படிப்பாள். இந்தக் கடிதத்தையும் அவள்தான் உனக்குப் படித்துக்காட்டப் போகிறாள். அம்மாடி மருமகளே, உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன், போதும் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டுவான். கொடுக்காதே. அவன் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் பார்க்க முடியாது. இதன் நகல் ஒன்றை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும்.

முதலில் நாவலுக்கு வருகிறேன். எல்லோரும் கைவிட்ட ஒரு பெண் மலைமேல் ஓர் ஊருக்குப் போய் வீடெடுத்துத் தங்குகிறாள். பனி பெய்கிறது. தினமும் பெய்கிறது. ஒரு நாய் வந்து வாசலில் படுக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் வயலின் வாசிக்கிறார். அவள் செடி நடுகிறாள், டீ போட்டுக் குடிக்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். இருநூறு பக்கத்துக்கு இதுதான். அந்த வீட்டில் பாத்திரம் யார் தேய்த்தார்கள் என்று ஓர் இடத்திலும் இல்லை. கடைசியில் கண்ணாடி முன்னால் நின்று சிரிக்கிறாள், மனசு ஆறிவிட்டது என்று அர்த்தமாம். பிறகு தன்னைக் கைவிட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் எழுதி எல்லோரையும் மன்னித்துவிடுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைத் தூக்கிக் கூரை எறவாணத்தில் செருகலாமா என்று இருந்தது. யாரடி உன்னைக் கேட்டார்கள்? ஒருத்தனாவது மலை ஏறி வந்து உன் வாசலில் நின்றானா? கேட்காமலே இவள் மன்னிப்பை அள்ளிக் கொடுத்தால், செய்தவர்கள் எல்லாம் செய்ததை மறந்துவிட்டு வயிறாரத் தின்றுவிட்டுப் படுப்பார்கள். இது தனியாக இருப்பவளுக்காக எழுதிய புத்தகம் இல்லையடா. அவளைத் தனியாக விட்டவர்கள் நிம்மதியாக இருக்க எழுதிய புத்தகம். உனக்கு ஏன் பிடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் ஓர் இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். நாற்பதாம் பக்கமோ என்னவோ, அந்தப் பெண் மலைக்கு வருமுன் எங்கெங்கே இருந்தாள் என்று அரைப் பக்கத்தில் கடகடவென்று சொல்லிப் போகிறார்கள். அதில் ஒரு வரி: அண்ணன் வீட்டிலும் அவளுக்கு இடமில்லாமல் போயிற்று. அவ்வளவுதான். அண்ணன் வீட்டில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அண்ணி என்று ஒருத்தி இருந்தாளா, ஒன்றும் இல்லை. நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்து போகவில்லை. நீ என்னை அந்த நாவலின் நாயகி என்று நினைத்து அனுப்பினாய். மகனே, நான் அவள் இல்லை. நான் அந்த ஒரு வரி. அந்த நாயகி உன் கோமளா அத்தை.

மருமகளுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு ஓர் அத்தை இருப்பதே அவளுக்குத் தெரியாது. அம்மாடி, உன் மாமனாருக்குக் கூடப் பிறந்தவள் ஒரே தங்கை, கோமளா. பலமனேரில் கட்டிக்கொடுத்தார்கள். தக்காளி மண்டியில் வேலை பார்த்த அந்த மகராசன் இரண்டாம் வருஷமே வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். ஒரு டிரங்குப் பெட்டியோடு அவள் திரும்பி வந்தபோது உன் புருஷனுக்கு நாலு வயது. அதற்கப்புறம் பதினாறு வருஷம் எங்களோடு இருந்தாள். நான் கரும்புக் கொல்லையிலும் வெல்லக் கொட்டகையிலும் ஆள் வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தேன். இவனைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாம் அவள். ஏழு வயதில் இவனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுகிறேன், இவன் என் கையைத் தள்ளிவிட்டு அத்தையைக் கூப்பிடுகிறான்.

அன்றைக்கு என் வயிற்றில் விழுந்த நெருப்பு, உன் நைனா எவ்வளவு சொல்லியும் அணையவில்லை. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அப்புறம் நான் செய்ததெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபிறகே அவளுக்குச் சோறு என்று ஆக்கினேன். விருந்தாளிகள் வந்தால் பின்கட்டில் வேலை கொடுத்தேன். நீ வளர்ந்து திருப்பதியில் இன்ஜினியரிங் சேர்ந்தாய். லீவுக்கு வந்தால், அத்தை, சோறு துன்ட்டியா என்று முதலில் அவளைத்தான் கேட்பாய், என்னை அப்புறம்தான். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

நீ மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒண்ட்டரி மஹிள பென்ஷன் பற்றி ஊரில் பேச்சு வந்தது. புருஷன் விட்டுப்போன, ஆதரவில்லாத ஒற்றைப் பெண்களுக்கு அரசாங்கம் கொடுப்பது. நல்ல திட்டம், எத்தனையோ பேர் வயிறு நிறைகிறது. நான் அதில் பார்த்தது வேறு. தனியாக இருப்பவளுக்குத்தான் கிடைக்கும், எங்கள் ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. அவளை வெளியே அனுப்ப இதைவிட மரியாதையான வழி எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது. விண்ணப்பம் தெலுங்கில் எழுத வேண்டும். நான் திருத்தணிப் பக்கத்துக்காரி, எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. கோமளாவுக்கும் அப்படியே. வீட்டில் தெலுங்கு எழுதத் தெரிந்தவன் நீ ஒருத்தன். நான் தமிழில் சொல்லச் சொல்ல நீ தெலுங்கில் எழுதினாய். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஆதரிக்க ஆள் இல்லை. கடைசி வரியை நான் சொன்னபோது மட்டும் தலையைத் தூக்கி, இது தப்பில்லையாம்மா என்று கேட்டாய். எழுதுடா என்றேன். எழுதினாய். நாகு எவரு லேரு. எனக்கு யாரும் இல்லை. உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அப்போதுதான் அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "இன்னா கண்ணு எழுதிக்கினுகிற?" என்றாள். நீ அவளைப் பார்க்காமல், ரேஷன் கார்டு விஷயம் அத்தை, நம்ம எல்லாருக்கும்தான் என்றாய். அவள் உட்கார்ந்து, தெலுங்கில் நீ எழுதிய பக்கத்துக்கு அடியில் தமிழில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் சொன்னேன், நீ எழுதினாய். இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். நீ சின்னப் பையன், அம்மா சொன்னாள், செய்தேன் என்று சொல்லிக்கொள்ளாதே. உனக்கு அப்போது இருபது வயது, ஓட்டுப் போடும் வயது.

விசாரணைக்குக் கிராம அதிகாரி வி.ஆர்.ஓ. வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தத் தாளை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். தெலுங்கு எழுதத்தான் கோமளாவுக்குத் தெரியாது, காதில் விழுந்தால் புரியாதா? கடைசி வரி வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் நின்றிருந்த உன்னைப் பார்த்தாள். அவர், இது நிஜந்தானா அம்மா என்று கேட்டார். இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நாம் இரண்டு பேரும் ஊர் நடுவில் பொய்யர்களாகி நின்றிருப்போம். "அவுனு சார். எவரு லேரு" என்றாள். ஆமாம் சார், யாரும் இல்லை. உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், என்னைக் காப்பாற்ற இல்லை. அதுவும் எனக்கு அப்போதே தெரியும்.

அடுத்த வாரமே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சானூர் போய்விட்டாள், அங்கே ஒரு லாட்ஜில் ரூம் பெருக்குகிற வேலைக்கு. நீ அன்றைக்கு வேண்டுமென்றே முந்தின பஸ்ஸில் காலேஜுக்குக் கிளம்பிவிட்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? மத்தியானம் கறிக்குழம்பு வைத்தேன். உன் நைனா சாப்பிடவில்லை, நான் சாப்பிட்டேன். பொய் சொல்லி வி.ஆர்.ஓ.விடம் வாங்கிய சான்றிதழை, அவளை அனுப்பி நிஜமாக்கிவிட்டேன். அப்புறம் உன் நைனா வருஷத்துக்கு நாலு தரம் தாயாரைச் சேவிக்கத் திருச்சானூர்க் கோயிலுக்குப் போய் வருவார். போகும்போது பை நிறைய மாம்பழம் கொண்டு போவார். யாருக்கு என்று நான் கேட்டதே இல்லை. உன் கல்யாணம் திருப்பதியில் நடந்தது, மண்டபத்திலிருந்து அவள் இருக்கிற இடத்துக்கு ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம். கூடப் பிறந்த பெண் இல்லாத மாப்பிள்ளை நீ. தாலியின் மூன்றாம் முடிச்சைப் போட உன் நைனா வழியில் இருந்தவள் அவள் ஒருத்திதான். என் அக்கா மகளைக் கூப்பிட்டு நிறுத்தினோம். பத்திரிகையில் அத்தை பேர் போட வேண்டாமா என்று நீயும் கேட்கவில்லை. உன் நைனா செத்தபோது அவளுக்கு யார் சொன்னார்களோ, வந்தாள். பந்தலுக்கு வெளியில் நின்றே அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய், பார்த்துவிட்டு போனை எடுத்து நோண்டிக்கொண்டு நின்றாய்.

இந்தப் பாழாய்ப்போன புத்தகத்தை முடித்த மறுநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். நீ சொன்னபடி பெங்களூருக்கு இல்லை. சித்தூர் வந்து, திருப்பதி பஸ் பிடித்து, அங்கிருந்து திருச்சானூர். அவள் வேலை பார்க்கிற லாட்ஜின் கல்லாவில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ரூம் கேட்டேன். கூட யார் என்றான். யாரும் இல்லை என்றேன். ஒண்ட்டரி ஆடவாள்ளகி ரூம் இவ்வமம்மா என்றான். தனியாக வருகிற பெண்களுக்கு ரூம் தருவதில்லையாம், இங்கே பல இடங்களில் அதுதான் வழக்கம். இந்த வயதில், நெற்றியில் பொட்டில்லாமல், கையில் ஒரு பையோடு நான் நிற்கிறேன், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். அப்போது மாடிப்படியில் துடைப்பமும் வாளியுமாக அவள் இறங்கி வந்தாள். முழங்கால் வளைந்துவிட்டது, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கினாள். என்னைப் பார்த்தாள், பையனிடம் திரும்பினாள். "மா வதினே பாபு. ரூம் இச்செய்" என்றாள். எங்கள் அண்ணிதான் தம்பி, ரூம் கொடு. அந்தச் சொல்லுக்குத்தான் எனக்கு இடம் கிடைத்தது. யாருமே இல்லை என்று நாம் எழுதி வாங்கின அதே பெண், எனக்கு ஆள் உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது.

சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ரூமைத் திறந்து, ஃபேனைப் போட்டு, காலி பண்றப்ப சாவியக் கீழ குடுத்துட்டுப் போங்கம்மா என்று யாரோ ஒரு பயணியிடம் சொல்வது போலச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்து, தப்புப் பண்ணிட்டேன் கோமளா, வீட்டுக்கு வந்துடு, அது நீ பொறந்த வீடு, நான்தான் வந்தவ என்றேன். அழுதேன். அவள் அழவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நீ கேட்டுட்ட, இனிமே போய் நிம்மதியாப் படுப்ப. எனுக்கு இன்னா ஆவும் அண்ணி?"

அந்த நாவலை எழுதியவர் இங்கே வந்து இதற்கு ஒரு பதில் சொல்லட்டும். நான் என்ன செய்யணும் சொல்லு என்றேன். நீ செய்ய ஒன்னும் இல்ல என்றாள். தன் அறைக்குப் போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். அந்த விண்ணப்பத்தின் ஜெராக்ஸ். ஏழு வருஷமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். "அன்னிக்கி சார் படிச்சாரு. எழுதனவன் படிக்கல. எழுதனவன் வந்து, என் மூஞ்சப் பாத்து, அவன் வாயால படிச்சிக் காட்டட்டும். அப்புறம் வரதா வேணாமான்னு சொல்றேன்." இவ்வளவுதான் கேட்டாள். உன்னைத் திட்டவில்லை, சபிக்கவில்லை. அண்ணி என்று என்னிடம் அவள் பேசினது அதோடு சரி.

ஆகவே உனக்கு நான் சொல்லும் புத்தி இதுதான். ஆறுதல் புத்தகம் அனுப்புவதை நிறுத்து. ஒருத்தியைத் தனியாக்கிவிட்டு, தனிமையைப் பற்றி வருத்தப்படுவதையும் நிறுத்து. நான் பெங்களூருக்கு வர மாட்டேன். அந்த வீட்டைப் பூட்டிப் போட்டு, விற்கலாமா என்று நீ புரோக்கரிடம் பேசியதும் எனக்குத் தெரியும், அந்த ஆசையையும் விட்டுவிடு. கோமளா வந்தால் அவளோடு அங்கே இருப்பேன். வராவிட்டால் இங்கேயே ஒரு ரூம் வாடகைக்குப் பார்த்துக்கொள்வேன். அவள் வருவதும் வராததும் உன் வாயில் இருக்கிறது. அந்தத் தாளில் மொத்தம் பதினோரு வரி. பெங்களூரிலிருந்து திருச்சானூர் ஒரு பகல் பயணம். வேலை இருக்கிறது, மீட்டிங் இருக்கிறது என்று சொல்வாயானால், இந்த அம்மாவுக்கும் இனிமேல் போன் செய்யாதே. வெறும் மிரட்டல் என்று நினைக்காதே. ஒருத்தியை வீட்டைவிட்டு அனுப்பி, அன்றைக்கே கறிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டவள் நான். எனக்கு அந்தக் கல்நெஞ்சு உண்டு. உன்னிடமும் அது இருப்பதைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன். வந்தால் கூட உன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா. தன் அத்தையை இவன் எப்படி நடத்தினான் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும், நாளைக்குத் தனக்கு என்ன வரும் என்று யோசிக்க உதவும்.

இங்கே வந்து நான்கு நாள் ஆகிறது. தினமும் காலையில் அவள் வந்து ரூமைப் பெருக்கித் துடைக்கிறாள், படுக்கை விரிப்பை மாற்றுகிறாள். நான் எழுந்து உதவப் போனால், உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம் என்கிறாள். போகும்போது, ரூம் காலி பண்றீங்களா என்று கேட்கிறாள். இல்லை என்கிறேன். சரி என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். இன்று காலையிலும் அதே கேள்வி. நான், இல்லை, எழுதினவன் வரணும், எழுதி அனுப்பப் போகிறேன் என்றேன். வாளியைத் தூக்கியவள் வாசற்படியில் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

"வந்தா ஆதார் கார்டு எடுத்துக்கினு வரச் சொல்லு. யாரு எவருன்னு தெரியாம இங்க உள்ள வுட மாட்டாங்க. இந்த வாட்டி நான் சொல்ல மாட்டேன்."